கைவிட்டால் திரும்பாது

பதினோரு வருடம்
விபத்து வண்டிகளுக்கு விலை போட்டவன் நான்.
பெயிண்ட்டுக்கு அடியில் பட்டி,
பட்டிக்கு அடியில் பொய்.
விரல் நுனி தொட்டால் சொல்லிவிடும்.
தண்ணீரில் ஓடுகிற எதற்கும்
இதுவரை விலை கேட்டதில்லை.

தேங்காய்த்திட்டில் முதல் படகு.
நான் போய்ச் சேருமுன்பே
இன்ஜின் மூடி சுட்டது.
"காலையில சும்மா ஒரு ரவுண்டு சார்"
என்றார் வில்வநாதன்.
படகின் அடிவயிற்றில் ஒரு பொட்டு ஈரமில்லை.
குளிர்ந்து கிடந்தால் கிளம்பாத ஒன்றை
எனக்காக அடித்து எழுப்பி
முகம் துடைத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.
டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஸ்டிக்கரைப் பிரித்தால் படகும் பிரிந்துவிடும்.

மூன்றாவது நோணாங்குப்பத்தில்,
தகரக் கொட்டகைக்குள்.
அமலோற்பவம் என்பவருடையது.
சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஏற்றி
அலையில் குதித்து அவருக்கு முட்டி போய்விட்டது.
பார்க்க வேண்டியதையெல்லாம்
ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
"மளிகை வாங்க வந்தீங்களா?" என்றார்.

தேங்காய் சுண்டுவதுபோல்
ஃபைபர் தளம் முழுவதையும் சுண்டினேன்.
ணங், ணங் என்று வந்த ஓசை
பின்பக்க இடது மூலையில்
தொப்பென்று விழுந்தது.
உள்ளே மரம் தண்ணீர் குடித்திருக்கிறது.
மனதுக்குள் பன்னிரண்டாயிரம் கழித்தேன்.

எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தேன்.
பால் கலக்காத கறுப்பு.
நல்லது.

ஹவர் மீட்டர் இருநூற்றுப் பத்து என்றது.
இருக்கையின் கிழிசல் ஆயிரம் என்றது.
"மீட்டர் செத்து மூணு வருஷமாச்சு"
நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.
பொய் பிடிக்கப் போனவனுக்கு
லேசான ஏமாற்றம்.

மல்லாந்து படுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குள் பார்த்தேன்.
மணல் கடித்த உதடுகளோடு இம்பெல்லர்.
இலைக்கும் வளையத்துக்கும் நடுவே
பழைய வேலையின் விசிட்டிங் கார்டைச் செருகினேன்.
ஒன்று நுழையலாம்.
மூன்று நுழைந்தது.
பெட்டி நிறைய மிச்சமிருக்கும் அந்தக் கார்டுகளுக்கு
கடைசியில் ஒரு வேலை.

"மணல் மட்டுமா தின்னும்?
ஆகாயத்தாமரை, கேரி பேக்.
ஒரு தடவை முழு வேட்டி.
யாரோடதுன்னு நான் விசாரிக்கல."

சுண்ணாம்பாற்றில் இறக்கினோம்.
முழங்கால் ஆழமில்லாத திட்டின் மேல்
வழுக்கிக்கொண்டு போனது.
கொக்குகள் நின்ற இடத்தில்
நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்!
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் படகுத்துறையின் கட்டைகள்
நேர் எதிரே வளர்ந்தன.

'வேகத்தைக் குறைக்காததால் விபத்து'
எத்தனை ஃபாரத்தில் எழுதியிருப்பேன்.
கை தானாக லீவரை இழுத்துக்கொண்டது.
சத்தம் அடங்கியது.
ஸ்டீயரிங் வெறும் சக்கரமானது.
எவ்வளவு ஒடித்தாலும்
மூக்கு அசையாமல்
கட்டையை நோக்கி அமைதியாக மிதந்தது படகு,
முடிவு செய்துவிட்டவர்களின் அமைதியோடு.

"குடு!" என்றார்.
"குடுத்தாத்தான் திரும்பும்."
அந்த நேரத்தில் 'ங்க' இல்லை.

கொடுத்தேன்.
பின்னால் தண்ணீர் சீறியது.
வால் வெட்டியது.
கட்டையின் பாசி
ஒரு முழத்தில் கடந்து போனது,
ஒவ்வொரு சிப்பியாக.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கரைக்கு வந்து காலைத் தூக்கினால்
கணுக்கால்வரை ஈரம்.
உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்
ஓடவே இல்லை.
அதை மட்டும் அவர் சொல்லவில்லை.
கேட்டேன்.
"உங்க தாள்ல அது இல்லியே" என்றார்.

இன்னொரு நாலாயிரம் குறைந்தது.
அட்வான்ஸ் பணத்தை இரண்டு முறை எண்ணினேன்.
மூன்றாவது முறை எண்ணத் தொடங்கியபோது
கையை நீட்டினார்.

"குடுங்க."

இந்தத் தடவை 'ங்க'வோடு.